புற்றம்மாவுக்கு மண் சீர்

ஒரு பெண்ணை அழகாகக் காட்டப் பவுடர் தேவையில்லை. அவள் பக்கத்தில் யாரை உட்கார வைக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பெண் பார்க்க வருகிற அன்று அவளுடைய சிவப்பான தங்கையை மாமா வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டும். கொஞ்சம் மங்கலான ஒரு பெரியப்பா மகளை வரவழைத்து, பலகாரத் தட்டை அவள் கையில் கொடுத்து முன்னால் நடக்க விட வேண்டும். பாதிக் கல்யாணம் அங்கேயே முடிந்துவிடும்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், மேடம். நீங்கள் கேட்ட கேள்விக்கு இதுதான் பதில். அதனால்தான் இங்கிருந்து தொடங்கினேன். அந்த ரெக்கார்டரை இந்தப் பக்கம் நகர்த்தி வையுங்கள். ஃபேன் சத்தத்தில் என் குரல் விழாது. நான் சத்தம் போட்டுப் பேசுகிறவள் இல்லை.

என் பெயர் மாணிக்யாம்பா. ஊர் பல்லபாடு. தொழில் சம்பந்தம் பேசுவது. எனக்குப் பிள்ளை இல்லை. அதனால் ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் நான் பின்னி, சின்னம்மா. என் அக்கா போன பிறகு அவள் மகன் பைடிராஜுவை நான்தான் வளர்த்தேன். அவனும் பின்னி என்றுதான் கூப்பிடுவான். நீங்களும் அப்படித்தான் கூப்பிட்டீர்கள். இன்று வந்ததிலிருந்து கூப்பிடவில்லை. பரவாயில்லை.

ஏரிக்கரைக்கு அந்தப் பக்கம் பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் உருக்குகிற கம்பெனி வந்தபோது ஊரே பொங்கல் வைத்தது. லாரி லாரியாகச் செத்த பேட்டரி உள்ளே போகும். பளபளவென்று ஈயக் கட்டி வெளியே வரும். நடுவில் மிஞ்சுவது எங்கே போகிறது என்று யாரும் கேட்கவில்லை. வேலை கொடுத்தவரிடம் அப்படியெல்லாம் கேட்கிற அளவுக்கு நாங்கள் மரியாதை தெரியாதவர்கள் இல்லை.

முதலில் மதில் ஓரம் மேய்ந்த கோழிகள் போயின. வெயில் என்றோம். பிறகு எதிர் வீட்டு ராமணம்மாவின் எருமைக்குக் கண் தெரியாமல் போய், சுவரில் நெற்றியை முட்டுக்கொடுத்தபடி நாளெல்லாம் நின்றது. வயசாகிவிட்டது என்றோம். அது இரண்டாம் ஈற்று எருமை.

பிறகு கல்யாணங்கள் நின்றன. அப்போதுதான் ஊர் கவலைப்பட்டது.

எங்கள் ஊர்ப் பெண்கள் வெளியூருக்கு வாழ்க்கைப்பட்டுப் போவதில் ஒரு தடையும் இல்லை. வெளியூர்ப் பெண்கள் உள்ளே வருவதில்தான் தடை. வந்தவர்கள் குடிக்கிற தண்ணீரைக் கேனில் கொண்டுவந்தார்கள். ஒரு சம்பந்தி அம்மாள் எங்கள் வாசலில் செருப்பைக் கழற்ற மாட்டேன் என்றாள். பையன்களுக்கு மீசை நரைக்கத் தொடங்கியது. அவர்களில் மூன்று பேர் ஒரே கடையில் ஒரே மையை வாங்கிப் பூசிக்கொண்டு, திருவிழாவில் ஒன்றாக நின்றார்கள். பார்க்க ஏதோ கட்சி மாதிரி இருந்தது. என்னை வழியில் கண்டால் மட்டும் மூன்று பேரும் தலையைக் குனிந்துகொள்வார்கள். ஒரு தரகிக்கு அதைவிடப் பெரிய அவமானம் கிடையாது.

பைடிராஜுவுக்கு மெட்டபாட்டில் ஒரு பெண் இருந்தாள். பார்கவி. எங்கள் ஊரைவிட மேட்டில், மலையடியில் உள்ள ஊர். கம்பெனிப் புகை அந்தப் பக்கம் திரும்பியே பார்க்காது. ஜாதகம் பொருந்தியது. பெண்ணுக்குப் பையனைப் பிடித்திருந்தது. பையனுக்குச் சோறே இறங்கவில்லை. அவளுடைய அப்பா சிம்மாசலம் தாம்பூலத் தட்டை எடுக்கப் போய், கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"ஜாதகம் சரி. பையனும் சரி. உங்க ஊரு மண்ணுதான் இடிக்குது அக்கா."

"மண்ணையா கட்டிக்கப் போறா உங்க பொண்ணு?"

"அந்த மண்ணுலதானே கோலம் போடணும், கீர போடணும், பிள்ளையத் தவழ விடணும்? யுனிவர்சிட்டிலேர்ந்து மண்ணு சோதிக்க ஆள் வர்றாங்களாம். வந்து பாத்துட்டு, இங்க ஒண்ணுமில்லன்னு எழுதட்டும். மறுநாளே முகூர்த்தம்."

"அவங்க வேற மாதிரி எழுதினா?"

"எழுதினா, உங்க பையனுக்கு வேற ஊருல பாருங்க. அங்கயும் படிக்கத் தெரிஞ்சவங்க இருப்பாங்க."

பைடிராஜு அன்று முழுவதும் ஏரிக்கரையில் உட்கார்ந்திருந்தான். இப்போது உங்களுக்குத் தெரிந்திருக்கும். உங்கள் ரிப்போர்ட் எனக்கு மண் சம்பந்தப்பட்ட விஷயமே இல்லை.

அப்புறம் நீங்கள் வந்தீர்கள். டாக்டர் சுவர்ச்சலா. முதுகில் பை, கையில் திருகு கம்பி, தலையில் அப்பாவிடம் இரவல் வாங்கியது போல ஒரு பெரிய தொப்பி. ஊரில் லாட்ஜ் இல்லை. என் வீட்டு மாடியில் தங்கினீர்கள். நான்தான் வலியக் கூப்பிட்டேன். கலெக்டர் ஆபீஸ்காரர் என்னைப் பாராட்டினார்.

நீங்கள் குனிந்து குனிந்து மண்ணை அள்ளிப் பையில் போட, ராமணம்மா வேலியில் சாய்ந்துகொண்டு வேடிக்கை பார்த்ததை மறந்திருக்க மாட்டீர்கள்.

"ஏம்மா மண்ணு மேடம், உங்க ஊருல மண்ணே இல்லயா?"

"இருக்கு அத்தய்யா. இது ருசியா இருக்கும்னு சொன்னாங்க."

"அப்ப நாலு கூடை சேத்து எடுத்துக்க. உங்க மாமியாருக்கும் குடு."

எனக்கு உங்களைப் பிடித்துப் போனது. கூச்சக்காரி, ஆனால் கேட்டால் பதில் சொல்லத் தெரிந்தவள். உங்களுக்கும் ஒரு வரன் பார்த்து வைத்தேன். சந்தர்ப்பம் வரவில்லை.

சாப்பிடும்போது பாடம் நடத்துவீர்கள். நான் கேட்பேன். கோங்குராப் பச்சடி போட்டு, நெய் விட்டு, ஒவ்வொரு கேள்வியாகக் கேட்பேன். அந்தக் கீரை என் தோட்டத்துக் கீரை என்று நினைத்து நீங்கள் முதல் நாள் தொடத் தயங்கினீர்கள். கவனித்தேன். அது சந்தையில் வாங்கியது, மேடம். ராமணம்மாவின் எருமை செத்த பிறகு என் வீட்டில் எல்லாமே சந்தையில் வாங்கியதுதான்.

அன்று நீங்கள் சொன்னது வார்த்தைக்கு வார்த்தை நினைவிருக்கிறது.

"மண்ணுன்னா கொஞ்சம் ஈயம் எங்கயும் இருக்கும் பின்னி. மலைப் பாறையிலேர்ந்தே வரும். இங்க இவ்வளவு இருக்குன்னு மட்டும் நான் எழுதினா, அது இயற்கைன்னு கம்பெனிக்காரங்க சொல்லிருவாங்க. அதனால புகை படாத எடத்து மண்ணு ஒண்ணு எடுத்துப் பக்கத்துல வெக்கணும். ரெண்டுக்கும் நடுவுல எவ்வளவு வித்தியாசமோ, அதுதான் கம்பெனி போட்டது."

"வித்தியாசம் இல்லன்னா?"

"அப்ப கம்பெனி மேல குத்தமில்ல. ஆனா இருக்கும். கவலப்படாதீங்க."

நான் கவலைப்படத் தொடங்கினேன்.

"அந்தச் சுத்தமான மண்ண எங்க எடுப்ப தாயி?"

"மெட்டபாட்டுப் புத்தடில. சாமிப் பாம்புப் புத்துன்னு அங்க யாரும் ஏர் ஓட்டல, உரம் போடல, மண்வெட்டியே படல. அது மாதிரி எடம் கெடைக்கறது கஷ்டம். இப்பக் கல்லு மாதிரி இறுகிக் கெடக்கு. மொத மழ விழட்டும், அப்புறம் வந்து எடுக்கறேன்."

இன்னொன்றும் கேட்டேன். இத்தனைக்கும் ஈயத்தால் என்னதான் கெடுதல் என்று. நீங்கள் கையிலிருந்த கவளத்தைத் தட்டில் வைத்துவிட்டுச் சொன்னீர்கள்.

"பெரியவங்களுக்கு வயித்து வலி, ரத்தக் கொதிப்பு. சின்னப் பிள்ளைங்கதான் பாவம். மண்ணுல வெளையாடிட்டுக் கைய வாயில வெக்கும். நேரா மூளைக்குப் போகும். பேச்சு லேட்டா வரும். சிலதுக்கு வராமயே போகும். போனா போனதுதான் பின்னி, திருப்பி எடுக்க வழியில்ல."

"வயித்துல இருக்கற பிள்ளைக்கு?"

"அதுக்கும்தான்."

"கம்பெனிய மூடிட்டா மண்ணு சரியாயிருமா?"

"தானா ஆகாது. அள்ளி எடுக்கணும். பல வருஷம் புடிக்கும்."

பைடிராஜுவுக்கு அப்போது முப்பத்துமூன்று வயது.

எனக்குத் தெரியுமா, தெரியாமல் செய்தேனா என்று நீங்கள் கேட்கப் போகிறீர்கள். அந்தக் கேள்வியை மிச்சப்படுத்திக்கொள்ளுங்கள். தெரியும். நீங்கள்தான் சொன்னீர்கள், என் அடுப்படியில், என் தட்டில். உங்களுக்குச் சொல்லிக்கொடுக்க வரும்.

அன்று நான் செய்ததெல்லாம் ஒரு தரகி செய்கிற வேலைதான். எங்கள் மண் மங்கலான பெண். அவளை வெள்ளையாக்க என்னால் முடியாது. பக்கத்தில் உட்காரப் போகிறவள் சிவப்பு. அவளை மாமா வீட்டுக்கு அனுப்பவும் முடியாது. அது மலையடியில் வேரோடு கிடக்கிற மண். மிச்சம் ஒரே வழி. பக்கத்தில் உட்காருகிறவளையும் கொஞ்சம் மங்கலாக்குவது.

கம்பெனி சூப்பர்வைசரிடம், மாட்டுக்கொட்டகைத் தரை பள்ளமாக இருக்கிறது, உங்கள் சிட்டம் ஒரு டிராக்டர் கொடுங்கள் என்றேன். ஈயம் உருக்கினால் அடியில் நிற்கிற கறுப்புக் கசடு. அதைக் கொட்ட இடமில்லாமல் தவித்துக்கொண்டிருந்தவர் அவர். அன்றே அனுப்பிவிட்டார். என்னிடம் மாடு இல்லை என்பது அவருக்கு நினைவில்லை. நல்ல மனிதர். எதையும் தோண்டிக் கேட்க மாட்டார்.

சிட்டத்தை இடித்துச் சலித்தேன். மூக்கில் துணி கட்டிக்கொண்டுதான். மெட்டபாட்டு மண் செம்மண், சிட்டமோ கறுப்பு. ஏரிக்கரைச் செம்மண்ணைச் சேர்த்தேன். சாணித் தண்ணீர் தெளித்துப் புரட்டினேன். எவ்வளவுக்கு எவ்வளவு என்றால் சொல்லத் தெரியாது. பருப்புக்கு உப்புப் போடுகிற கைக்கு அளவு தானே வரும். அதிகமாகிவிடக் கூடாது என்பதில் மட்டும் கவனமாக இருந்தேன். பக்கத்தில் உட்காருகிறவள் சுமாராக இருக்கலாம். விகாரமாக இருந்தால் சந்தேகம் வந்துவிடும்.

கலந்ததெல்லாம் சுலபம். அதை மெட்டபாட்டுக்கு எப்படிக் கொண்டுபோவது? அந்த ஊரார் தங்கள் புற்றைப் பற்றி எவ்வளவு கர்வக்காரர்கள் என்று உங்களுக்குத் தெரியும். அயலூர்க்காரன் அங்கே எச்சில் துப்பினால் பஞ்சாயத்து கூடும். ஒரு கூடை கறுப்பு மண்ணோடு போய் நின்றால் என்னை அந்தப் புற்றுக்குள்ளேயே இறக்கியிருப்பார்கள்.

ஆனால் அதே இடத்துக்கு எங்கள் ஊர்க் கல்யாண வீட்டுப் பெண்கள் கூடையோடு, டப்பு மேளத்தோடு, பட்டப்பகலில் போவார்கள். புற்றுப் பொன் எடுக்க. அந்த மண்ணைக் கொண்டுவந்து பாலிகையில் போட்டு நவதானியம் முளைக்க விட்டால்தான் எங்கள் பக்கம் கல்யாணமே தொடங்கும். வெறும் கூடையோடு போய் நிறைந்த கூடையோடு வருவது வழக்கம். எனக்கு வேண்டியது அதைத் திருப்பிப் போடுவதுதான்.

வைசாக மாதத்தில் ராமணம்மா மகள் கல்யாணம். மஞ்சள் இடிக்கப் பெண்கள் கூடியிருந்தார்கள். உலக்கை போட்டுக்கொண்டே ஆரம்பித்தேன்.

"ஏ ராமணம்மா, நம்ம அம்மா காலத்துலேர்ந்து புத்தம்மாகிட்ட எடுத்துக்கிட்டே இருக்கமே. ஒரு தடவயாச்சும் திருப்பிக் குடுத்திருக்கமா?"

"மண்ண யாரு அண்ணி திருப்பிக் குடுப்பா? நீங்க இரவல் வாங்கின சேலையவே திருப்பிக் குடுத்ததில்ல."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சேலை இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.

"புத்து தேஞ்சுபோச்சுடி. என் கல்யாணத்தப்ப என் இடுப்பு உசரம் இருந்துச்சு. இப்ப முழங்கால் உசரம்."

"உங்க இடுப்பு அப்ப எங்க இருந்துச்சோ, யாருக்குத் தெரியும்."

"சிரிங்க. தாய் வீட்டுக்கு ஒருத்தி வெறுங்கையோட போவாளா? புத்தம்மா நம்ம எல்லாருக்கும் தாய் வீடு. அவளுக்கு மண்ணத் தவிர வேற என்ன சீர் குடுக்க முடியும்?"

உலக்கைகள் கொஞ்சம் நின்றன. மூலையில் மஞ்சள் புடைத்துக்கொண்டிருந்த ஓர் அம்மாள் முறத்தைக் கீழே வைத்தாள்.

"எங்க மாமியார் சொல்லக் கேட்டிருக்கேன். முன்ன இப்பிடி ஒண்ணு இருந்துச்சாம். நாமதான் விட்டுட்டோம்."

நான் அந்த நிமிடம் கண்டுபிடித்த சடங்குக்கு மறு நிமிடமே சாட்சி கிடைத்துவிட்டது, மேடம். என் தொழிலில் எனக்கு நேர்ந்த மிக அழகான விஷயம் இதுதான். மாலைக்குள் அதற்குப் பாட்டுக் கட்டிவிட்டார்கள்.

மண் எங்கே என்று கேட்டபோது, என் வீட்டுக் கொட்டகையில் சலித்து வைத்திருக்கிறேன் என்றேன். சுத்தமான ஆள் என்று எனக்குப் பெயர்.

பெண்கள் தலையில் கூடை, கூடையின் மேல் மஞ்சள் துணி, துணியின் மேல் வேப்பிலை. மெட்டபாட்டு எல்லையில் சிம்மாசலம் வழிமறித்தார்.

"என்ன அக்கா, எடுக்க வந்தவங்க கொண்டாந்திருக்கீங்க?"

"சீர் தம்பி. இத்தன வருஷம் எடுத்தமே."

அவர் தன் ஊராரைத் திரும்பிப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"பல்லபாட்டுக்காரங்களுக்கு இப்பத்தான் புத்தி வந்திருக்குடா! வாங்க, வாங்க. நல்லா பரப்பிப் போடுங்க. ஓரமெல்லாம் படட்டும்."

ஓரமெல்லாம் பட்டது. பார்கவியே குடத்தில் மஞ்சள் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றி, உள்ளங்கையால் மண்ணைச் சமனாகத் தடவிக்கொடுத்தாள். நல்ல கை வேலைக்காரி. இவள் என் வீட்டுக்கு வந்தால் என் பாரம் குறையும் என்று நினைத்தேன். அந்த மாதத்தில் மேலும் இரண்டு கல்யாணம் விழுந்தது. இரண்டுக்கும் சீர் போனது. பிறகு மழை பெய்து எல்லாவற்றையும் படிய வைத்தது.

நீங்கள் வந்தீர்கள். குடை பிடித்தது நான்தான். புற்றைச் சுற்றி ஐந்தாறு இடத்தில் அள்ளினீர்கள். மஞ்சள் கறையைப் பார்த்துப் பூசை என்று நினைத்துத் தள்ளி அள்ளினீர்கள். நிமிர்ந்து என்னைக் கேட்டீர்கள்.

"இங்க யாராச்சும் மண்ணு எடுத்திருக்காங்களா பின்னி? தோண்டியிருக்காங்களா?"

"மண்வெட்டி போட்டா குடும்பம் அழிஞ்சிரும் தாயி. கல்யாணத்துக்கு ஒரு கை எடுப்பாங்க. அவ்வளவுதான்."

நான் பொய் சொல்லவில்லை. எடுத்தார்களா என்று கேட்டீர்கள். கொடுத்தார்களா என்று கேட்கவில்லை.

முடிவு வந்த அன்று போனில் உங்கள் குரல் சின்னதாக இருந்தது. மறுபடி எடுக்க வேண்டும் என்றீர்கள். மேலே இருக்கிறவர்கள் பணமில்லை, நேரமில்லை என்று சொல்லிவிட்டார்கள். கடைசியில் உங்கள் ரிப்போர்ட் தப்பாக எதையும் சொல்லவில்லை. மண்ணில் ஈயம் அதிகம்தான். ஆனால் ஆலைக்குப் பக்கத்து மண்ணுக்கும் தூரத்து மண்ணுக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. இந்தப் பகுதிப் பாறையின் இயல்பாக இருக்கலாம். நீங்கள் கண்டதைத்தான் எழுதினீர்கள். நான் அதை மதிக்கிறேன்.

சிம்மாசலம் அந்த ரிப்போர்ட்டை எப்படி எடுத்துக்கொண்டார் தெரியுமா? தங்கள் மலையில் ஈயம் இருக்கிறது, சுரங்கம் வரப்போகிறது என்று டீக்கடையில் உட்கார்ந்து ஊரெல்லாம் சொன்னார். நிலத்தை விற்காதீர்கள் என்று நாலு பேருக்குப் புத்தி சொன்னார். அந்த உற்சாகத்தோடு எங்கள் வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, வெறுங்காலோடு முற்றத்தில் நடந்து காட்டினார்.

"உங்க மண்ணும் எங்க மண்ணும் ஒண்ணுதான் அக்கா. அப்புறம் என்ன, தாம்பூலம் மாத்திக்குவோம்."

சிராவண மாதத்தில் கல்யாணம். பைடிராஜு மேடையில் அசட்டுத்தனமாகச் சிரித்துக்கொண்டே இருந்தான். போட்டோக்காரர் வாயை மூடச் சொன்னார். அவனால் முடியவில்லை. அடுத்தடுத்துக் கதவுகள் திறந்தன. மை பூசிய மூன்று பேருக்கும் அடுத்த மாக மாதத்துக்குள் முடித்துக் கொடுத்தேன். கம்பெனி இரண்டாவது உலை போட்டது. தெருவெல்லாம் தோரணம். என்னைக் கண்டால் தலை குனிந்தவர்கள் காலில் விழுந்தார்கள்.

இங்கே ஒரு சின்னச் சங்கடம் வந்தது. அதையும் மறைக்க மாட்டேன்.

எனக்கு அந்தச் சீர் ஒரு பருவத்துக்குத்தான் தேவைப்பட்டது. ஊருக்கு அது பிடித்துப்போய்விட்டது. ஒவ்வொரு கல்யாணத்துக்கும் கூடை போனது. மற்ற ஊர்க்காரர்களும் கேள்விப்பட்டு வந்தார்கள். "பின்னி வீட்டு மண்ணு ராசி, அது போனா சம்பந்தம் தட்டாது" என்று என் கொட்டகையிலிருந்தே அள்ளினார்கள். தீர்ந்ததும் சூப்பர்வைசர் இன்னொரு டிராக்டர் அனுப்பினார். கேட்காமலே அனுப்பினார். ஒருமுறை நான் சொல்லிப் பார்த்தேன், இனிமேல் பூ போட்டால் போதுமே என்று. ராமணம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

"ஆரம்பிச்சது நீங்க. இப்ப உங்க பையனுக்கு ஆயிருச்சு, அதனால எங்களுக்குப் பூ போதுமா?"

அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. அதற்குமேல் நான் சொல்லவில்லை. காரணத்தைச் சொல்லி நிறுத்தியிருக்கலாமே என்கிறீர்கள். சொல்லியிருக்கலாம். சொன்னால் அத்தனை கல்யாணமும் கேள்விக்கு வரும். கட்டிக்கொடுத்ததைப் பிரிப்பது தரகிக்குப் பாவம்.

நாகுல சவிதி என்கிற நாக சதுர்த்தியன்று புற்றில் பால் ஊற்றிவிட்டு அந்த மண்ணைப் பிள்ளைகளின் காதில் தடவுவார்கள். காதுவலி வராது என்று. சுற்றி விளையாட விட்டுவிட்டுப் பெரியவர்கள் சிம்மிலி என்கிற எள்ளுருண்டை சாப்பிடுவார்கள். வாண்டுகள் மண்ணில் புரண்டு எழுந்து, அதே கையோடு எள்ளுருண்டைக்கு வரும். அழகாகத்தான் இருக்கும். எனக்கும் தடவ வந்தாள் ஒருத்தி. எனக்குக் காது நன்றாகக் கேட்கிறது என்று சொல்லிவிட்டேன்.

பார்கவிக்கு மூன்றாம் மாதம் மசக்கை. அவளுக்கு எதுவும் பிடிக்கவில்லை. புற்றுமண் வாசனை வேண்டும் என்றாள். இந்தப் பக்கம் பிள்ளைத்தாச்சிகள் நிறையப் பேர் ஒரு சிட்டிகை வாயில் போட்டுக்கொள்வார்கள். அவள் பிறந்த வீட்டிலிருந்து ஒரு பொட்டலம் வந்தது. தீர்ந்ததும் என்னிடம்தான் கேட்டாள்.

"அத்தய்யா, நீங்க மெட்டபாட்டுப் பக்கம் போனா கொஞ்சம் எடுத்துட்டு வரீங்களா? ஒரே ஒரு கை."

கொண்டுவந்து கொடுத்தேன். பலமுறை. கர்ப்பிணி ஆசையாகக் கேட்டால் இல்லை என்று சொல்லக் கூடாது. வேண்டாம் என்றால் ஏன் என்பாள். அவள் கெட்டிக்காரி, ஒரு ஏன் வந்தால் அடுத்தது தானே வரும். உட்கார்ந்து அவள் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். கண்ணை மூடிக்கொண்டு சப்புவாள். அந்த முகத்தில் அப்படி ஒரு நிறைவு.

பையன் பிறந்தான். நல்ல நிறம், சுருட்டை முடி. அவனுக்கு இப்போது ஐந்து நடக்கிறது. அவன் இன்னும் பேசவில்லை. கூப்பிட்டால் கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பிப் பார்ப்பான். பைடிராஜு அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு விசாகப்பட்டினம் வரைக்கும் போய் டாக்டர்களைப் பார்த்துவிட்டான். பேருந்து, மாடு, நிலா என்று ஒவ்வொன்றாகக் காட்டிச் சொல்லிச் சொல்லி, அவனுக்கே இப்போது வேறு பேச்சு இல்லை.

மெட்டபாட்டிலும் அப்படி நிறையப் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று அந்த டாக்டர்கள் ரத்தம் எடுத்துப் பார்த்தார்களாம். அதனால் உங்களுக்குச் சொல்லி அனுப்பினார்களாம். நீங்கள் புற்றடி மண்ணை மறுபடி சோதித்தீர்கள். பேட்டரி ஈயத்தோடு இன்னொரு உலோகமும் கூடவே ஒட்டிக்கொண்டு வரும், மலை ஈயத்தில் அது இப்படி இருக்காது என்றீர்கள். மெட்டபாட்டு மண்ணில் அது இருக்கிறது. காற்றும் கொண்டுபோகாத ஊருக்கு அதை யார் கொண்டுபோனது என்று கேட்டு வந்திருக்கிறீர்கள்.

நான்தான். வேறு யாருக்கும் இதில் பங்கில்லை. ராமணம்மாவுக்குத் தெரியாது. பைடிராஜுவுக்குத் தெரியாது, தெரியாமலே இருந்தால் நல்லது. ஆனால் நீங்கள் சொல்லத்தான் போகிறீர்கள். உங்கள் முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. எழுதிக்கொள்ளுங்கள்: மாணிக்யாம்பா, தெரிந்து, திட்டம் போட்டு, தன் கையால் கலந்து, ஊர்ப் பெண்களின் தலையில் ஏற்றிவைத்து அனுப்பினாள். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் ஒன்று சொல்லுங்கள். நான் யாருக்காவது கெடுதல் நினைத்தேனா? பார்கவி வீட்டில் சந்தோஷமாக இருக்கிறாள். இரண்டு ஊரும் ஒன்றுக்குள் ஒன்றாகிவிட்டது. முன்பு மெட்டபாட்டான் எங்களைப் பார்த்து மூக்கைப் பொத்துவான். இன்று மாப்பிள்ளை விருந்துக்கு வருகிறான். உங்கள் மாதிரிப் படித்தவர்கள் எத்தனை வருடம் கூட்டம் போட்டிருந்தாலும் இது நடந்திருக்காது.

நீங்கள் ஏன் அழுகிறீர்கள் என்று எனக்கு விளங்கவில்லை. அந்தப் பையனைப் பற்றியா? அவனைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டாம். அதை நான் பார்த்துக்கொள்வேன். மெட்டபாட்டில் அவனுக்கு ஏற்ற வயதில் ஒரு பெண் குழந்தை இருக்கிறாள். அவளும் பேசுவதில்லை. நல்ல குடும்பம், சாதுவான முகம். ஜாதகம் இரண்டையும் வாங்கிப் பார்த்துவிட்டேன். இப்படி ஒரு பொருத்தம் என் தொழிலில் நான் பார்த்ததே இல்லை.